சிறைக் கதவு திறந்த பிறகான பதினான்கு நாள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையானவர்கள் 30,237 பேர். இவர்களில் யார் யார் பிறகு இறந்தார்கள், எப்போது, எதனால் என்று மரணப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2007 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இவர்கள் இறப்பதற்கான அபாயம், அந்த மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருப்பதைப்போல 12.7 மடங்கு. போதைப்பொருள் ஓவர்டோஸால் இறக்கும் அபாயத்தைத் தனியே எடுத்தால் 129 மடங்கு.

ஃபென்டனில் தெருச் சந்தையைப் பிடிப்பதற்கு முந்தைய காலத்துக் கணக்கு இது. வட கரோலினாவில் 2000 முதல் 2015 வரை விடுதலையான சுமார் 2.29 லட்சம் பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் அதே இரண்டு வாரம்தான் துருத்திக்கொண்டு நின்றது. ஓபியாய்டு ஓவர்டோஸால் சாகும் அபாயம் அங்கே பொதுமக்களைவிட 40 மடங்கு. எண்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆபத்துக் காலம் மாறவில்லை.

ஏன் இந்த இரண்டு வாரம்? ஹெராயின், ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் மாத்திரை எல்லாம் ஓபியாய்டு இனம். தொடர்ந்து எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிப்போகும், அளவு ஏறிக்கொண்டே போகும். மூச்சை நடத்தும் மூளைப் பகுதியும் ஓரளவுக்குப் பழகிக்கொள்ளும். புதிதாக எடுப்பவரைக் கொன்றுவிடக்கூடிய அளவை நாள்பட்டவர் எடுத்துக்கொண்டு நடமாடுவது இதனால்தான். சிறைக்குள் போனதும் வரத்து நிற்கிறது. முதல் சில நாட்கள் வாந்தி, பேதி, எலும்பெல்லாம் வலி, பொட்டுத் தூக்கம் கிடையாது. அந்த உபாதை அடங்குவதோடு உடலின் தாங்குதிறனும் இறங்கிவிடுகிறது. ஆசை மட்டும் அப்படி இறங்குவதில்லை. சில மாதம் கழித்து வெளியே வருபவர் பழைய தெருவுக்குப் போய், கைக்குப் பழகிய பழைய அளவையே எடுக்கிறார். மூச்சு மெதுவாகி நின்றுபோகிறது. இப்போது அந்தத் தெருவில் கிடைப்பது ஹெராயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில். ஒரு பொட்டலத்தில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

‘உள்ளே இருந்ததில் ஆள் தெளிந்துவிட்டான்’ என்று குடும்பம் நிம்மதி அடைகிற அந்த நிலைதான், மருத்துவக் கணக்கில் அவனுடைய வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான நிலை. நீதிபதிக்கும் சிறை அதிகாரிக்கும் இது இன்னும் போய்ச் சேரவில்லை என்பதே என் கவலை.

மருந்து இல்லாமல் இல்லை. மெத்தடோன் சிகிச்சை 1960களிலிருந்து இருக்கிறது. மெத்தடோன் மெதுவாக வேலைசெய்யும் ஓபியாய்டு. நாளுக்கு ஒரு வேளை குடித்தால் ஏக்கமும் உபாதையும் அடங்கும், உடல் நிலையாக இருக்கும். புப்ரெனார்பின் நாக்குக்கு அடியில் கரைவது. மூளையில் ஓபியாய்டு ஒட்டும் இடத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அதை ஓரளவுக்கே தூண்டுகிறது. ஓர் அளவுக்கு மேல் அதன் தாக்கம் ஏறாது. மூன்றாவது நால்ட்ரெக்ஸோன். இது அந்த இடத்தையே அடைத்துவிடும், மாதம் ஒரு ஊசி. முதல் இரண்டில் ஒன்றை எடுப்பவர்களின் தாங்குதிறன் முழுதாக இறங்கிவிடுவதில்லை. அவர்கள் வெளியே வந்து ஒருநாள் தவறினாலும், அந்த ஒரு தவறு உயிரை எடுக்கும் வாய்ப்பு குறைகிறது.

ஆக, கேள்வி மருந்தைப் பற்றியது இல்லை. சிறைக்கும் வெளியே உள்ள மருத்துவமனைக்கும் நடுவில் இருக்கும் சில நாட்களைப் பற்றியது. அந்த நாட்களுக்கு யார் பொறுப்பேற்பது?

வழக்கமாக நடப்பது இது. விடுதலைக்கு முன் ஒரு ஆலோசகர் வந்து பேசுவார். வெளியே எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்று முகவரி எழுதிய தாள் ஒன்று கையில் வரும். கோப்பில் ‘சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்’ என்று பதிவாகும். சிறை நிர்வாகத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

அந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிறைக்கு வருமுன் ஹெராயினுக்கு அடிமையாக இருந்த ஆண் கைதிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு உள்ளே ஆலோசனை, வெளியே போகும்போது ‘இன்ன இடத்துக்குப் போ’ என்ற பரிந்துரை, அவ்வளவுதான். இரண்டாவது குழுவுக்கு ஆலோசனையோடு, விடுதலையானதும் மெத்தடோன் கிளினிக்கில் இடம் தயார். மூன்றாவது குழுவுக்குச் சிறைக்குள்ளேயே மெத்தடோன் தொடங்கி, வெளியே அதே சிகிச்சை தொடர்ந்தது. 2009இல் வந்த முடிவுகளின்படி, ஓராண்டில் முதல் குழுவினர் சிகிச்சையில் இருந்தது சராசரியாக 23 நாள். இரண்டாவது குழு 91 நாள். மூன்றாவது குழு 166 நாள். ஆண்டு முழுக்கச் சிகிச்சையில் நிலைத்தவர்கள் முதல் குழுவில் ஒருவர்கூட இல்லை. மூன்றாவது குழுவில் நூற்றுக்கு 37 பேர். ஆண்டு இறுதியில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியாய்டு தென்பட்டது முதல் குழுவில் நூற்றுக்கு 66 பேரிடம், மூன்றாவது குழுவில் 25 பேரிடம்.

தாள் கொடுத்த குழுவில் ஓராண்டு நிலைத்தவர் பூஜ்யம் என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். இன்றைக்கும் பெரும்பாலான இடங்களில் ‘இணைப்புச் சேவை’ என்ற பெயரில் நடப்பது அந்த முதல் குழுவுக்கு நடந்ததுதான்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்ட் சாட்சி. பத்து லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள மிகச் சிறிய மாநிலம். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி எல்லோரும் ஒரே துறையின் கீழ். ஆளுநர் ஜீனா ரைமாண்டோ அமைத்த பணிக்குழுவின் யோசனைப்படி, 2016இல் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் ஒதுக்கி, மூன்று மருந்துகளையும் சிறைக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே வரும் எல்லோரிடமும் கேட்கப்படும். ஏற்கெனவே மருந்தில் இருப்பவருக்கு நிறுத்தமாட்டார்கள். இல்லாதவர் விரும்பினால் தொடங்குவார்கள். மருந்து கொடுப்பதை கோடாக் என்ற தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். வெளியே மாநிலம் முழுக்கக் கிளினிக் நடத்துவதும் அதே நிறுவனம். அதனால் விடுதலையானவர் மறுநாள் புதிய இடத்தில் புதிய ஆளாகப் போய் நிற்க வேண்டியதில்லை. கோப்பு அங்கே இருக்கிறது, அளவு தெரியும்.

2016இன் முதல் ஆறு மாதத்தில் அந்த மாநிலத்தில் ஓவர்டோஸால் இறந்த 179 பேரில் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 பேர். 2017இன் முதல் ஆறு மாதத்தில் 157 பேரில் 9 பேர். மொத்த ஓவர்டோஸ் மரணத்தில் விடுதலையானோரின் பங்கு ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. 26, 9 என்பவை சிறிய எண்கள். அவற்றை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் இங்கிலாந்தில் 39 சிறைகளிலிருந்து வெளியேறிய பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. மருந்தோடு வெளியேறியவர்களிடம் முதல் நான்கு வாரத்தில் போதைப்பொருள் நச்சு மரணம் 85 சதவீதம் குறைவு. நியூயார்க் நகரின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 1987 முதலே மெத்தடோன் கொடுத்துவருகிறார்கள். அந்த நகரச் சிறைகளில் 2011 முதல் 2017 வரையிலான பதிவுகளைப் பார்த்தபோது, மருந்தில் இருந்தவர்களிடம் முதல் மாத ஓவர்டோஸ் மரணம் மருந்து பெறாதவர்களிடம் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் எதிர்ப்பு இருக்கிறது. ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்பது முதல் எதிர்ப்பு. சர்க்கரை நோயாளி சிறைக்கு வந்தால் இன்சுலினை நிறுத்தி ‘மன உறுதியால் சமாளி’ என்று எந்த ஜெயிலரும் சொல்லமாட்டார். இரண்டாவது எதிர்ப்பு, மருந்து கைமாறி உள்ளே விற்பனைக்குப் போகும் என்பது. இதில் உண்மை உண்டு. புப்ரெனார்பினுக்குச் சிறைக்குள் கள்ளச் சந்தை இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையாளும் முறையும் கண்டாகிவிட்டது. மருந்து கொடுக்கும் நேரத்தில் கைதிகள் வரிசையாக உட்காருவார்கள். வாயை நனைக்க ஒரு வாய்த் தண்ணீர். நர்ஸ் தபால்தலை அளவுள்ள ஆரஞ்சு நிற மெல்லிய ஏட்டை நாக்குக்கு அடியில் வைப்பார். கைகள் முழங்கால் மேல் தெரியும்படி இருக்க வேண்டும், பேசக்கூடாது. ஏடு முழுதாகக் கரைகிறவரை காவலர் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போவார். தினமும் இது ஒரு வேலைதான். ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மாதம் ஒரு முறை போடும் புப்ரெனார்பின் ஊசி வந்த பிறகு இந்த வேலையும் வெகுவாகக் குறைகிறது.

அமெரிக்காவில் உள்ளூர்ச் சிறைகளை நடத்தும் ஷெரிப்புகளில் சிலர் நால்ட்ரெக்ஸோன் ஊசியை மட்டும் விரும்புகிறார்கள். அது போதை தராது, விற்க முடியாது, வெளியே போகும் நாளில் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடலாம். பயனுள்ள மருந்துதான். ஆனால் அதைத் தொடங்க வேண்டுமென்றால் ஒரு வாரம் பத்து நாளாவது உடலில் ஓபியாய்டு இருக்கக்கூடாது. அடுத்த மாத ஊசிக்கு ஆள் வராவிட்டால் அடைப்பு விலகிவிடும், தாங்குதிறனோ தரைமட்டத்தில் இருக்கும். தேர்வு நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது. சிறை நிர்வாகத்தின் வசதிக்காக மூன்றில் இரண்டு கதவை மூடுவது மருத்துவம் ஆகாது.

மருந்து தொடங்கிய இடங்களிலும் இணைப்பு அறுந்துபோவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். உள்ளூர்ச் சிறைகளில் யார் எப்போது வெளியே போவார் என்பது முன்கூட்டித் தெரியாது. காலையில் கோர்ட்டுக்குப் போனவர் ஜாமீன் கிடைத்து அப்படியே போய்விடுவார். போதைச் சிகிச்சைக்கான மெத்தடோன் அமெரிக்காவில் மருந்துக் கடையில் கிடைக்காது, அதற்கென உரிமம் பெற்ற கிளினிக்கில் மட்டும். அது பெரும்பாலும் விடியற்காலையில் திறந்து மதியத்துக்குள் மூடிவிடும். வெள்ளிக்கிழமை மாலை, அடையாள அட்டை இல்லாமல், பேருந்துக் காசு இல்லாமல் வெளியே விடப்பட்டவருக்குத் திங்கட்கிழமை என்பது வெகுதூரம். தெருமுனை பக்கத்திலேயே இருக்கிறது.

காசும் குறுக்கே நிற்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு, 1965இல் அது பிறந்த நாளிலிருந்தே, சிறையில் இருப்பவரின் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. உள்ளே போனதும் காப்பீடு நிறுத்தப்படும். வெளியே வந்து அதை மறுபடி உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆபத்தான இரண்டு வாரம் அந்த விண்ணப்பத்துக்குள்ளேயே கரைந்துவிடும். 2023 ஜனவரியில் கலிபோர்னியா இதற்கு விதிவிலக்கு வாங்கிய முதல் மாநிலமானது. விடுதலைக்கு முந்தைய 90 நாள் வரை மெடிக்கெய்ட் செலவு செய்யலாம், போகும்போது 30 நாள் மருந்து கையில் கொடுக்கலாம். வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஐம்பத்தேழு ஆண்டு கழித்து வந்த திருத்தம்.

சிறையில் இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருப்பவர்கள் அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் பேர். இவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. போதைப்பொருள் தொடக்கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்படும் பொதுவான நிபந்தனை. சிறுநீர்ப் பரிசோதனையில் தென்பட்டால் நிபந்தனை மீறல். மீண்டும் சிறைக்கு அனுப்பலாம்.

மாசசூசெட்ஸ் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016இல் திருட்டு வழக்கில் ஓராண்டு கண்காணிப்பில் விடப்பட்ட ஓர் இளம்பெண் தானாகவே மருத்துவரிடம் போய் புப்ரெனார்பின் சிகிச்சையைத் தொடங்கினார். சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் எடுத்த பரிசோதனையில் ஃபென்டனில் தென்பட்டது. உள்நோயாளியாகச் சேரப் படுக்கை கிடைக்கவில்லை என்பதால் நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பினார். படுக்கை கிடைக்கும்வரை பத்து நாள் அங்கே இருந்தார். ‘மறுபடி எடுப்பது இந்த நோயின் அறிகுறி, அறிகுறிக்குத் தண்டனை கூடாது’ என்று அவர் தரப்பு வாதாடியது. 2018 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும், சிறையில் வைத்ததும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். மருத்துவப்படி பார்த்தால், சிகிச்சையில் கால் வைத்த ஒருவரின் மருந்தை நிறுத்தி, தாங்குதிறனை இறக்கி, வெளியே விடுகிற ஏற்பாடு அது. பத்து நாளில் இதைச் செய்துவிட முடியும்.

இன்னும் மோசம், மருந்தையே தடைசெய்த நீதிமன்றங்கள். பென்சில்வேனியாவில் சில கவுன்டி நீதிமன்றங்கள், கண்காணிப்பில் இருப்பவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைக்கூட எடுக்கக்கூடாது அல்லது குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று கட்டளையிட்டன. அமெரிக்க நீதித் துறை 2022இல் அந்த மாநிலத்தின் நீதிமன்ற அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது. உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டத்தை மீறியதாகக் குற்றச்சாட்டு. 2024இல் ஒரு லட்சம் டாலர் இழப்பீட்டோடும் கொள்கையைத் திருத்திக்கொள்ளும் உறுதியோடும் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மருந்தை மறுத்த சிறைகளுக்கு எதிராக 2018, 2019இல் மாசசூசெட்ஸிலும் மேய்னிலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இதே சட்டத்தின் பேரில் உத்தரவு போட்டிருக்கின்றன. ஒவ்வொரு நோயாளியும் வக்கீல் வைத்துத்தான் மாத்திரை வாங்க வேண்டுமென்றால் எத்தனை பேரால் முடியும்?

2024இல் வெளியான ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சிறைகளைக் கேட்டுப் பார்த்தது. இந்த மருந்துகளை யாருக்காவது கொடுக்கும் சிறைகள் பாதிகூட இல்லை. நோய் உள்ள எவருக்கும் கொடுப்பவை எட்டில் ஒன்று. அந்த நாட்டில் ஓவர்டோஸால் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். 2024இல் அது எண்பதாயிரம் அளவுக்கு இறங்கியது. இறங்கியதும் நிதியை வெட்டலாம் என்ற எண்ணம் தலைதூக்கும். அதுதான் இப்போதுள்ள ஆபத்து. மொத்த மரணம் குறைந்தாலும், விடுதலையானவரின் முதல் இரண்டு வாரத்துக்குரிய அபாயம் தானாகக் குறைவதில்லை; காரணம் அவர் உடலுக்குள் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2 கோடிக்கு மேல். உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 77 லட்சம். டெல்லி திகார் சிறையில் 2008இலேயே புப்ரெனார்பின் சிகிச்சை தொடங்கப்பட்டது. தெற்காசியச் சிறைகளில் அது முன்னோடி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ உட்கொண்ட வழக்கிலோ சிக்கிய அடிமையைச் சிறைக்கு அனுப்பாமல், பிணையப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சட்டத்தில் வாசல் திறந்தே இருக்கிறது. அதன் வழியாக ஆளை அழைத்துப்போக வேண்டியவர்கள் வழக்கறிஞரும் நன்னடத்தை அலுவலரும் சிறை மருத்துவரும்தான்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. ஹெராயினோ, ஊசியாகக் கரைத்துப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையோ, எந்த ஓபியாய்டு பழக்கத்தில் இருந்தவரானாலும், சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வீடு திரும்பினால் முதல் இரண்டு வாரம் தனியே விடாதீர்கள். ‘பழைய அளவு இப்போது உன்னைக் கொன்றுவிடும்’ என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்வதால் ஆசை வந்துவிடாது. வந்த மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தேசிய உதவி எண் 14446இல் வழி கேளுங்கள். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, குறட்டைபோல் இழுத்து இழுத்து மூச்சு வருகிறது என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். போலீஸுக்குப் பயந்து தாமதிக்கவும் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.